இருட்டைக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் குடியிருப்புக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தவர்களுக்கும்,

போன சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி வாக்கில் என் பால்கனித் தேனீக்கள் கிளம்பிவிட்டன. ஏழு மாதம் இருந்தன. அந்த ஏழு மாதமும் நீங்கள் எனக்காக விட்டுக்கொடுத்ததை நினைத்தால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது. முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். எழுந்து வந்து பார்த்தால் மேல்மாடி ஸ்லாபுக்கு அடியில் யாரோ கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது போல ஒன்று. கண்ணாடிக் கதவருகே போனபோதுதான் அந்தத் துணி மூச்சு விடுகிறது என்று தெரிந்தது. 1974-இல் கல்யாணமாகி அல்சூருக்கு வந்தவள் நான். ஏரிக்கரைத் தூங்குமூஞ்சி மரங்களில் மலைத்தேனீக் கூட்டை எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், இடையில் ஒரு கண்ணாடி மட்டும் இருக்கப் பார்த்தது இந்த 71 வயதில்தான்.

அன்று மாலையே கூட்டம் போட்டோம். மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிடலாம் என்று சொன்னவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடுகள், பயம் நியாயமானது, எனக்கும் பயம்தான். ஆனால் அந்த மருந்தில் ஒன்றுகூட மிஞ்சாது என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, பேச வரவில்லை. என் எதிர் வீட்டுக் குடகுக்காரத் தங்கைதான் எழுந்து பேசினார். "அக்கா, இது ஹெஜ்ஜேனு, நீங்க சொல்ற மலைத்தேனீ. எங்க காபித் தோட்டத்துல ரொபஸ்டா பூக்கிற சமயத்துல இது வரலைன்னா காய் பிடிக்காது, எங்க மாமனார் இது கூடு கட்டின மரத்தை வெட்டவே விடமாட்டார்." அவர் சொன்னது உண்மை. ரொபஸ்டா காபிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்காது, வேறொரு செடியிலிருந்து வரவேண்டும், அதைச் சுமந்து வருகிறவர்களில் பெரிய கை இந்தத் தேனீதான். தினமும் காலையில் காபி இல்லாமல் வாய் திறக்காத நாம் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம். அப்புறம் செயலாளர் "சரி, போகிறவரை இருக்கட்டும்" என்றார். கதவைத் திறக்கக்கூடாது, மேலும் கீழும் உள்ள ஜன்னல்களுக்கு வலை அடிக்கவேண்டும் என்று நிபந்தனை. வலைக்கான செலவை நான் கொடுக்கிறேன் என்றதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. செயலாளர் ஐயா, அந்த "சரி"க்கு நன்றி.

இனி விளக்கு. முதல் வாரம் தினமும் காலையில் டியூப்லைட்டுக்குக் கீழே பத்து இருபது தேனீ செத்துக் கிடக்கும். பெருக்கி எடுக்கும்போது கை நடுங்கும். எனக்குக் காரணம் புரியவில்லை. மூன்றாம் மாடியில் பூச்சியியல் படிக்கிற பெண்தான் வந்து விளக்கினாள். மலைத்தேனீ பகலில் மட்டும் பறப்பதில்லை, நல்ல நிலவு இருந்தால் இரவிலும் பூத் தேடிப் போகும், அதனால் நம் வெள்ளை விளக்கு அதை இழுத்துவிடுகிறது, உள்ளே வந்து விளக்கையே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகிறது என்றாள். அன்று சாயங்காலமே அவளும் நானும் கிழக்குப் பக்க வீடுகள் எல்லாவற்றிலும் மணியடித்தோம். ஒரு வீட்டில்கூட "முடியாது" என்று சொல்லவில்லை. ஆறரைக்கு மேல் பால்கனி விளக்கு எரியவில்லை. திரையை இழுத்துவிட்டீர்கள். மஞ்சள் பல்புக்கு மாறினீர்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடியைத் தூக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனார்கள். டிசம்பரில் இரண்டாம் மாடி ஆசிரியை வருடா வருடம் பால்கனியில் மாட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மாடிப்படிக்கு உள்ளே மாட்டினார். டீச்சர், படியேறும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை. தை மாதம் தரைத்தளத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். வாசலுக்குச் சீரியல் லைட் போடாத கல்யாண வீடு உண்டா? மேற்குப் பக்கம் மட்டும் போட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அதற்குக்கூடச் சம்மதித்தார்கள் என்பதை என்னால் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அந்தக் குழந்தை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

வெள்ளைக் கார் வைத்திருக்கும் தம்பியிடம் மன்னிப்பும் சேர்த்துக் கேட்கிறேன். கார் மேல் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்து, இது என்ன பெயிண்டா என்று நீங்கள் மேலே பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? கூட்டமாக வெளியே பறந்து எச்சமிடுகிற பழக்கம் இந்தத் தேனீக்கு உண்டு, மகரந்தம் செரித்ததுபோக மிஞ்சிய ஓடுதான் அந்த மஞ்சள். தென்கிழக்கு ஆசியாவில் விழுந்த மஞ்சள் புள்ளிகளை சோவியத் நாட்டின் விஷ ஆயுதம் என்று 1981-இல் அமெரிக்கா குற்றம் சாட்ட, மெசல்சன், சீலி என்ற விஞ்ஞானிகள் போய்ப் பார்த்து அது தேனீ எச்சம் என்று காட்டினார்களாம். பூச்சியியல் பெண் இதைச் சொன்ன அன்றிலிருந்து நீங்கள் முணுமுணுக்காமல் காரைத் துடைத்தீர்கள் தம்பி.

பங்குனியில் நான் கொட்டு வாங்கினேன். தப்பு என்னுடையது. பறந்து விழுந்த துண்டை எடுக்க நிபந்தனையை மறந்து கதவைத் திறந்துவிட்டேன். மூன்று கொட்டு. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது இஸ்திரி வண்டித் தம்பியின் மனைவி. கதவைச் சாத்தி, என்னை உட்காரவைத்து, கொடுக்கைத் தாமதிக்காமல் ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தார். தாமதித்தால் விஷம் இன்னும் இறங்கும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! செக்யூரிட்டி தம்பி ஆட்டோ பிடித்தார். டாக்டரம்மா மூச்சுத்திணறல் வருகிறதா என்று ஒரு மணி நேரம் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அதன் பிறகும் ஒருவர்கூட "அன்றைக்கே சொன்னோமே" என்று கேட்கவில்லை.

நீங்கள் கொடுத்த அந்த மாதங்களில் நான் பார்த்ததில் ஒன்றையாவது சொல்லவேண்டும். காலையில் டம்ளரோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். ஒரு குளவி அருகில் வரும். உடனே ஓர் ஓரத்தில் சில தேனீக்கள் பின்பக்கத்தைப் படக்கென்று தூக்கும், பக்கத்தில் இருப்பவை அதைப் பார்த்துத் தூக்கும், அப்படியே அந்தக் கறுப்புத் துணி முழுக்க ஓர் அலை வட்டமாக ஓடும். பட்டுப்புடவையைக் கடையில் உதறிக் காட்டுவார்களே, அந்த மினுக்கு. குளவி ஒதுங்கிப் போய்விடும். இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு காலை நேரம் எனக்கு நகராத நேரமாக இருந்தது. இந்த வருடம் எட்டு மணி எப்போது ஆனது என்றே தெரியாமல் போனது.

புங்கை பூத்து ஓய்ந்ததும் அடையில் தேன் குறைந்தது, மெழுகின் வெளிறிய நிறம் வெளியே தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை ஒரு பெரிய இரைச்சல், பால்கனி முழுக்கத் தேனீ, பத்து நிமிடத்தில் ஏரிப் பக்கமாகப் போய்விட்டன. மறுநாள் கீழே விழுந்து கிடந்த அடைத்துண்டை எடுத்தேன். அப்பளம் போல எடையே இல்லை, ஒவ்வொரு அறையும் ஆறு பக்கம். அதை எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் வந்து பார்க்கலாம். இந்த இனம் அதே இடத்துக்கே திரும்பி வருவதுண்டாம். ஸ்லாபில் மெழுகுத் தடம் அப்படியே இருக்கிறது, அதைச் சுரண்டவேண்டாம் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன். உங்களையும் கேட்காமல் சொல்லிவிட்டேன், அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

302-ஆம் வீட்டுக் கனத்த திரைச்சீலை இரண்டும் என்னிடமே இருக்கின்றன. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருக்கிறேன். வரும்போது காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

அன்புடன்,
நான்காம் மாடிப் பாட்டி
அல்சூர், பெங்களூரு