பெயரை விடுங்கள், எண்ணைத் தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புரதங்களை ஒன்றோடொன்று கோக்கும் நொதியத்துக்குத் தமிழில் எழுதுவோர் ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள்: குறுக்குப்பிணைப்பு நொதியம், புரத ஒட்டு நொதியம், டிரான்ஸ்குளூட்டமினேஸ். மலையகத்திலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போன பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தொலைபேசியில் தட்டித் தட்டியே டேட்டாவைத் தீர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயரும் பெரிதாக உதவாது. யூனிப்ரொட் என்ற புரதத் தரவுத்தளத்தில் அதைத் தட்டினால், அந்த மடிப்பு (புரதம் மடிந்திருக்கும் வடிவம்) மட்டும் உள்ள, எதையும் கோக்காத புரதங்களும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும்.

தட்டவேண்டியது ஈ.சி. எண், அதாவது நொதியங்களை அவை செய்யும் வினையின்படி வகைப்படுத்தும் சர்வதேச எண்: 2.3.2.13. புரதத்திலுள்ள குளூட்டமின், லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிணைத்து அமோனியாவை வெளிவிடும் நொதியங்களுக்கான எண் அது. கொலாஜனைக் கோக்க உதவும் லைசில் ஒக்சிடேஸுக்கு வேறு எண், இரண்டையும் குழப்பாதீர்கள். பிறகு மீளாய்வு செய்யப்பட்ட பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுங்கள். அமினோ அமில வரிசை மட்டும் தேவையென்றால், அதை வெறும் எழுத்துகளாகத் தரும் பாஸ்டா கோப்பே போதும். கீழே சொல்லும் நுண்ணுயிர் நொதியத்தின் கோப்பு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு.

அதிகம் பேர் வழுக்குவது எண்ணிடலில். உணவுத் தொழிலில் புழங்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மொபாராயென்சிஸ் என்ற பற்றீரியாவின் நொதியத்தில் வினைமையம் (வினை நடக்கும் இடம்) 64ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன் என்றே கட்டுரைகள் சொல்லும். யூனிப்ரொட்டில் பி81453 பதிவைத் திறந்து 64ஆம் இடத்தைப் பார்த்து, கட்டுரை பிழை என்று முடிவுகட்டுகிறார்கள். பிழை அங்கில்லை. பதிவில் இருப்பது 407 அமினோ அமிலங்கள். முன்பகுதி 76 வெட்டுப்பட்ட பின் எஞ்சும் 331தான் வேலைசெய்யும் நொதியம். 64உடன் 76ஐக் கூட்டி 140ஆம் இடத்தைப் பாருங்கள், சிஸ்டீன் அங்கே இருக்கும். மனித இரத்தம் உறைய உதவும் காரணி 13இலும் இதே கதைதான்: கட்டுரையில் 314, பதிவில் 315.

அடுத்தது வடிவம். மனித டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2, சுருக்கமாக டிஜி2, நொதியத்துக்குப் புரத வடிவங்களின் தரவுத்தளமான பி.டி.பி.யில் உள்ள பதிவுகளில் 1கேவி3, 2கியூ3இசட் என்ற இரண்டைப் பாருங்கள். 2002இல் வெளியான முதலாவது, ஜிடிபி என்ற சிறு மூலக்கூறு பிணைந்து மூடிக்கிடப்பது. இரண்டாவது, நொதியத்தை முடக்கும் தடுப்பானோடு நீண்டு விரிந்தது. மூடியதில் மருந்து மூலக்கூறைப் பொருத்திவிட்டு ‘ஒட்டவில்லை’ என்று எழுதுவது, பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆளில்லை என்பது போலத்தான்.

பிரெண்டா என்ற நொதியத் தரவுத்தளத்தில் கேஎம் (நொதியம் பாதி வேகத்தை எட்டத் தேவையான வினைப்படு பொருளின் செறிவு) பெறுமானங்களை எடுக்கும்போது பக்கத்திலுள்ள குறிப்பையும் வாசிக்கவேண்டும். டிஜி2வுக்குக் கல்சியம் கட்டாயம், நுண்ணுயிர் நொதியத்துக்கு வேண்டாம். தாங்கல் கரைசலில் கல்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ இருந்தால் முன்னது முடங்கும், பின்னது தன்பாட்டுக்கு ஓடும். ஹைட்ரொக்சமேட் என்ற சோதனை முறையில் அளந்த நொதியச் செயற்பாட்டு அலகையும் வேறு முறையில் அளந்த அலகையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. (யோகட்டில் நுண்ணுயிர் நொதியத்தைச் சேர்க்க விரும்புவோர் தூளின் நிறையைப் பார்க்காமல், புரதம் ஒரு கிராமுக்கு எத்தனை அலகு என்றே கணக்கிடுங்கள். விற்கப்படும் தூளில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிதான்.)

இந்த மூன்று தளங்களையும் பார்க்கக் காசு தேவையில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே: அறிவியல் பக்கத்தில் ஒரு நொதியத்தின் பெயரை அச்சிடும்போது, தமிழில் எப்பெயரை வைத்தாலும் அருகில் அதன் ஈ.சி. எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

உயிர் இரசாயன ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.