எரிந்து மிஞ்சிய மெழுகு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டு நாம் கையில் எடுத்த வேலையைப் பற்றியே இங்கே அதிகம் சொல்ல விரும்புகிறேன். வீடுகளில் எரிந்து மிஞ்சும் மெழுகுத் துண்டுகளைச் சேர்த்து, உருக்கி, திரும்பவும் மெழுகுவர்த்தி ஆக்கும் வேலை அது.

முதலில் பாதுகாப்பு. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பதை நம் சங்கத்தின் விதியாகவே வைத்திருக்கிறோம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதனுள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு உருக வேண்டும். சாதாரண மெழுகுவர்த்திகளில் இருக்கும் பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிநீரோ 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். நேரடிச் சூட்டில் வைத்தால் மெழுகு அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் ஆவி தீப்பற்றும். அப்படிப் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை வெளியே வீசிவிடும்.

அடுத்தது திரி. உருக்குவதும் வார்ப்பதும் எல்லோருக்கும் எளிதில் கைவந்தன. கேள்விகள் வந்ததெல்லாம் திரியைப் பற்றித்தான். உருகிய மெழுகு திரி வழியாக மேலேறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. தடித்த மெழுகுவர்த்தியில் மெல்லிய திரி போட்டால் நடுவில் மட்டும் குழி விழும், பிறகு திரி மெழுகில் மூழ்கி அணைந்துவிடும். திரி தடித்தால் சுடர் உயர்ந்து கரி படியும். பின்னிய பருத்தித் திரியே நல்லது. அது எரியும்போது வளைந்து, நுனி சுடருக்கு வெளியே வந்து தானே எரிந்து தீரும். வார்க்கும் முன் திரியை உருகிய மெழுகில் நனைத்து நேராக உலர்த்துங்கள். குழந்தைகளின் கிரேயான் துண்டுகளை நிறத்துக்காகச் சேர்க்க வேண்டாம், அதன் நிறப்பொடி திரியை அடைத்துவிடும்.

மெழுகு ஆறும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழுவது இயல்பு. ஊசியால் குத்திவிட்டு, கொஞ்சம் மெழுகை மீதி வைத்திருந்து மேலே ஊற்றினால் சரியாகிவிடும். எல்லா நிறங்களும் கலந்தால் பழுப்புதான் கிடைக்கிறது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு அந்தப் பழுப்பு பிடித்தே இருக்கிறது. வேண்டாதவர்கள் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து வைக்கலாம்.

மெழுகுவர்த்திக்கு உதவாத அழுக்குத் துண்டுகளையும் வீணாக்கவில்லை. இறுகிய மர இழுப்பறையின் விளிம்பிலும், சிக்கும் ஜிப்பிலும் தேய்த்தோம். இரும்புக் கருவிகளில் துரு பிடிக்காமல் பூசினோம். எதுவானாலும் உருகிய மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வரும் ஆண்டுக்கு உறுப்பினர்களிடம் சில வேண்டுகோள்கள். தேன்மெழுகு, சோயா மெழுகு, பாரஃபின் மூன்றும் வெவ்வேறு சூட்டில் உருகுபவை. தெரிந்தால் பெயர் எழுதித் தனித்தனியாகக் கொடுங்கள். கண்ணாடிக் குவளையின் அடியில் ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கிப் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். விரிசல் விட்ட குவளைகளை அனுப்பாதீர்கள். திரியை அடியில் பிடித்து நிறுத்தும் சின்ன உலோகத் தகடுகளை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள், அவை திரும்பவும் பயன்படும்.

தங்கள் சமையலறையையே உருக்கும் இடமாகத் தந்தவர்களுக்கும், மெழுகை வடிகட்டப் பழைய துணி கொடுத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்