நல்லா இருங்கள் என்றாள் அத்தை

சேரன்மகாதேவி

அன்புள்ள சங்கரா,

பிசான நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பும் போட்டாயிற்று. இந்த வருஷம் விளைச்சல் மோசமில்லை. ஆனால் அத்தையின் விஷயம் மனதை அறுக்கிறது.

அவள் வாய் உனக்குத் தெரியும். "சவத்து மூதி", "பேதியில் போவான்" என்று யாரையாவது ஏசாமல் அவளுக்குப் பொழுது விடியாது. நாம் சிறுவயதில் எத்தனை வாங்கியிருக்கிறோம்! ஏசிய கையோடு கருப்பட்டித் துண்டும் தருவாள். மூதேவி தேய்ந்து மூதி ஆனது. பேதி என்பது அந்தக் காலத்தில் ஆட்களை வாரிக்கொண்டு போன காலரா. அந்தப் பயமெல்லாம் ஏச்சில் கரைந்துபோய்விட்டது, யாருக்கும் உறைப்பதில்லை. அப்படியும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அந்த வார்த்தைகளை எடுக்கவே மாட்டாள்.

போன வாரம் வாய்க்கால் ஓரத்து நாற்பது சென்ட்டில் அவளுக்குச் சேரவேண்டிய பங்கையும் சேர்த்து அவள் அண்ணன்மார் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். கேள்விப்பட்டு வயலுக்கே வந்துவிட்டாள். வரப்பில் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். மண்ணைத் தூற்றிச் சாபம் விடப்போகிறாள் என்று எனக்கு மூச்சே நின்றது. தூற்றவில்லை. விரல்களைத் தளர்த்தி, வந்த இடத்திலேயே மண்ணை விட்டாள். "நல்லா இருங்கப்பா, எல்லாரும் நல்லா இருங்க" என்றாள். ஓர் ஏச்சுகூட இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

ஏச்சு வேறு, சாபம் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சாபம் என்றால் பழந்தமிழில் வில் என்றும் பொருள். வடமொழியில் இரண்டும் தனித்தனிச் சொற்கள்தான், தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. கோயில் கொடைவிழாவில் வில்லடித்து இசக்கியம்மன் கதை பாடும்போது, நியாயம் கிடைக்காமல் செத்தவளுக்காக ஊரே விழித்திருக்கிறது. உயிரோடிருப்பவளுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். செல்வத்தைத் தேய்க்கும் படை என்று வள்ளுவர் 555ஆம் குறளில் சொன்னது இந்தக் கண்ணீரைத்தானே?

நாளை அத்தையைப் பார்க்கப் போகிறேன். பெரியப்பாவிடமும் பங்கைப் பற்றிப் பேசுவேன். உன் சொல்லுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். கொடைக்கு வரும்வரை காத்திராமல், இந்த வாரமே அவரிடம் போனில் பேசு.

அன்புடன்,
கணபதி