சார்ஜரின் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரில் மின்வாகன சார்ஜர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் ஆறு வருடமாக என் பிழைப்பு. அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில் குடியிருக்கிறேன். போன மாதம் கம்மனஹள்ளி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அங்கே இரண்டாவது பேஸ்மென்ட்டில் இரண்டு சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட். மாட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. "ரெண்டும் செத்துப்போச்சு தம்பி, கழட்டிட்டுப் புதுசு போட என்ன ஆகும்?" என்று கேட்டார் சங்கச் செயலாளர், சேலத்துக்காரர். மூடியைத் திறந்து மீட்டர் வைத்தேன். 231 வோல்ட். எர்த் சரி. காரில் செருகினால் விளக்கு நீலமாகிறது. அடுத்து உள்ளே காண்டாக்டர், அதாவது காருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், 'டக்' என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் மட்டும் வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது.

சார்ஜரில் ஒரு பழுதும் கிடையாது. மாட்டிய நிறுவனம் தொழிலை மூடிவிட்டது, அதன் சர்வரும் கூடவே போய்விட்டது. இந்த மாதிரி சார்ஜர் தானாக மின்சாரம் விடாது. வந்திருப்பது யார், அனுமதி உண்டா என்று சர்வரைக் கேட்கும். சரி என்று பதில் வந்தால்தான் காண்டாக்டர் விழும். எத்தனை யூனிட் ஏறியது என்ற கணக்கும் அங்கேதான் போகும்.

சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ள ஓ.சி.பி.பி. என்று ஒரு பொதுமொழி இருக்கிறது. 2009-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. நான் அதிகம் பார்ப்பது 2015-ல் வந்த 1.6 பதிப்பு. ஒருவர் செய்த சார்ஜரை இன்னொருவர் சர்வரில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே உண்டான மொழி அது. செட்டிங்ஸில் சர்வர் முகவரி, சார்ஜரின் அடையாள எண், கடவுச்சொல் இவற்றை மாற்றினால் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஏறிக்கொள்ளும். எனக்கு அரை மணி நேர வேலை.

ஆனால் அந்தச் செட்டிங்ஸைத் திறக்கவே ஒரு பாஸ்வேர்டு வேண்டும். சங்கத்தின் கோப்பில் பில் இருந்தது, வாரன்ட்டி அட்டை இருந்தது, வயரிங் படம்கூட இருந்தது. பாஸ்வேர்டு இல்லை. சார்ஜர் தயாரித்தவர்களுக்கு எழுதினோம். வாங்கிய நிறுவனத்துக்குத்தான் தருவோம் என்று பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த நிறுவனமே இல்லை என்று திரும்ப எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதற்கிடையில் இரண்டு வீட்டுக்காரர்கள் மோட்டார் அறையின் பவர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து ராத்திரி முழுக்கக் காருக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு. பிளக்கின் ஓரம் பழுப்பேறி உருக ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே குழந்தைகளின் சைக்கிள்கள். நல்ல இயந்திரம் இரண்டு சுவரில் சும்மா தொங்க, அதன் காலடியில் இந்த நிலைமை.

சர்வரோடு பேசச் சார்ஜருக்குள் இருக்கும் சிம்முக்குப் பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்காதது இன்னொரு தொல்லை. சார்ஜர் குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று சர்வருக்குச் செய்தி அனுப்பும், ஹார்ட்பீட் என்போம். அது நின்றால் ஆப்பில் உடனே தெரிய வேண்டும். சில ஆப்கள் கடைசியாகப் பார்த்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு, 'காலி' என்று ஆப் சொன்னதை நம்பி வந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், தன் மின்சார ஆட்டோவில் 4 சதவீத சார்ஜோடு நின்றார். "லைட் எரியுதேண்ணே, ஏன் கரண்ட் வரல?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆன்டெனாவை மேல்தளத்துக்கு ஏற்றினால் தீரும் விஷயம். சிக்னல் இல்லாதபோதும் சர்வரைக் கேட்காமல் அனுமதிக்க, சார்ஜரில் காட்டும் அனுமதி கார்டுகளின் பட்டியலை அதற்குள்ளேயே வைக்கும் வசதியும் ஓ.சி.பி.பி.யில் உண்டு. அதை யாரும் போட்டுக் கொடுப்பதில்லை.

2017-லேயே மின்வாகனக் கொள்கை கொண்டுவந்த முதல் மாநிலம் கர்நாடகம். இப்போது மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் மாட்டும் ஒவ்வொரு சார்ஜரின் பாஸ்வேர்டும் இடத்தின் சொந்தக்காரர் கையில் எழுத்தில் வர வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுக்குமாடிச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தமிழர்கள் இந்த ஊரில் நிறைய. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால், மாட்ட வந்தவரை உங்கள் லேப்டாப்பிலேயே செட்டிங்ஸைத் திறந்து, வேறொரு சர்வர் முகவரியைப் போட்டு, சேர்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டின பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சார்ஜர் டெக்னீஷியன்,
மர்ஃபி டவுன், பெங்களூரு.