பிஎஃப் பணத்தில் கை வைக்கும் முன்

விருதுநகர்
4.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதும் அம்மா, "வாடகைக்குக் கேட்டானா, விலைக்குக் கேட்டானா?" என்றாள். பழைய கம்பெனியில் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பிஎஃப்பை எடுத்துவிடவா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

புது வேலையில் சேர்ந்தவன், வேலையில்லாதவன் என்று எழுதிக்கொடுத்து முழுப் பணத்தையும் எடுப்பது முதலில் பொய். அது இருக்கட்டும். நீ அங்கே இருந்தது மூன்று ஆண்டு நான்கு மாதம். ஐந்து ஆண்டு முடியாமல் எடுத்தால் வரி உண்டு; தொகை 50,000 ரூபாயைத் தொட்டாலே, பான் எண் கொடுத்திருந்தாலும், 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால் இந்த மூன்று ஆண்டும் கணக்கில் தொடரும். சேரும்போது உன் அடிப்படைச் சம்பளம் 14,000, வரம்புக்குள் இருந்ததால் பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்திலும் இருக்கிறாய். மாதப் பென்ஷன் கிடைக்கப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். அந்தப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் ஆண்டு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இனி பிபிஎஃப் விஷயத்தைக் கேள், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத பொது வருங்கால வைப்பு நிதி. 2019 டிசம்பரில், உனக்குப் பதினெட்டு முடிந்ததும் நான் கூட்டிப்போய்த் தொடங்கிய கணக்கு. ஆண்டுக்கு 60,000 போட்டு, இன்று வட்டியோடு ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஏழாவது நிதியாண்டு வந்துவிட்டதால் ஒரு பகுதி எடுக்கலாம். வரியும் இல்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனால் இன்றைய இருப்பில் பாதி கிடைக்கும் என்று நினைக்காதே. நான்கு ஆண்டுக்கு முந்தைய மார்ச் இருப்பு, போன மார்ச் இருப்பு, இரண்டில் எது குறைவோ அதில் பாதி. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தேன். 2022 மார்ச் 31 அன்று இருந்தது இரண்டு லட்சத்து மூவாயிரம் சொச்சம். ஆக, உன் கைக்கு ஒரு லட்சம்தான் வரும். ஏப்ரல் வரை பொறுத்தால் 2023 மார்ச் இருப்பு கணக்காகி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரை எடுக்கலாம். வீட்டுக்காரர் பொறுப்பாரா என்பது வேறு. நிதியாண்டுக்கு ஒரு முறைதான் எடுக்க முடியும்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் 31 ஆண்டு உட்கார்ந்தவன் நான். பூக்கட்டும் ஓர் அம்மாள் மாதம் 500 ரூபாய் ஆர்டி போட்டு வந்தார். நாற்பதாவது மாதம், மகனின் பள்ளிக்கூடப் பணத்துக்காகக் கணக்கை முடிக்க வந்தார். ஐந்து ஆண்டுக் கணக்கைப் பாதியில் முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும், அதைவிடக் கட்டியதில் பாதியைக் கடனாக வாங்குங்கள் என்றேன். "என் பணத்தை எனக்கே வட்டிக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே வந்து புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினார், அதே 500 ரூபாய்க்கு. விதி தெரிந்தவன் நான். ஆனால் அந்த அம்மாள் கணக்குத் தப்பு என்று இன்றுவரை எனக்குச் சொல்ல வரவில்லை.

உனக்கு என் யோசனை இது. பேங்கில் கிடக்கும் ஒரு லட்ச ரூபாய் வைப்பை முதலில் முறி. அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டி குறையும், அவ்வளவுதான். மீதியைப் பிபிஎஃப்பிலிருந்து எடு. பிஎஃப்பைத் தொடாதே. புது அலுவலகத்தில் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் பற்றிப் பேசினால் உடனே கையெழுத்துப் போடாதே. அது முதுமைக்கான பணம், ஒரு பங்கைக் கட்டாயம் மாதப் பென்ஷனாக மாற்றியாக வேண்டும். உன் வயதில் அதற்கு அவசரமில்லை.

பழைய கம்பெனி உன் விலகிய தேதியைப் பதிவு செய்துவிட்டதா என்று பிஎஃப் தளத்தில் பார். அது இல்லாவிட்டால் மாற்றல் மனு நகராது. பிபிஎஃப் பாஸ்புக் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. படிவம் வாங்கி வைத்துவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. வரும் ஏப்ரலில் 60,000 ரூபாயை 5ஆம் தேதிக்குள் நீயே கட்ட வேண்டும். 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடையாது. இந்த ஆண்டு முதல் நான் கட்டமாட்டேன்.

அன்புடன்,
அப்பா