ஏழாம் பக்கத்துப் பச்சைப் பட்டை

ஒத்தக்கடை,
மதுரை.

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பேத்தி அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நம் நகருக்கு எதிர்ப்புறம் வரவிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரக் கையேட்டை நீ வாட்ஸப்பில் அனுப்பி, அங்கேயே ஒரு வீடு வாங்கிவிட்டால் வயதான காலத்தில் எங்களுக்குத் துணையாக இருக்கும் என்றும், முன்பணம் இரண்டு லட்சத்தை இந்த வாரமே கட்டிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பணம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது. அதைக் கட்டாததற்கும், அந்தத் திட்டத்துக்கு எதிராகக் குடியிருப்போர் கொடுக்கவிருக்கும் ஆட்சேபணை மனுவில் என் கையெழுத்து முதலாவதாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதியில் நமக்குள் வாக்குவாதம் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கையேட்டின் ஏழாம் பக்கத்தைப் பார். வடக்கிலிருந்து தெற்காக ஒரு பச்சைப் பட்டை வளைந்து போகிறது. அதில் 'நடைபயிற்சிப் பூங்கா' என்று போட்டிருக்கிறார்கள். பூங்காவை யாரும் அப்படி வளைத்து வளைத்து வரைய மாட்டார்கள். முப்பத்தொரு வருடம் நில அளவையில் சங்கிலி பிடித்தவனுக்கு அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. புலப்படத்தை, அதாவது சர்வே துறையின் நில அளவு வரைபடத்தை, எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பட்டைக்குத் தனிப் புல எண் இருக்கிறது. கிராமத்து நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டில் அது ஓடைப் புறம்போக்கு, அதாவது ஓடைக்கென்று விட்ட அரசு நிலம். நமக்கு வடக்கே இருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், உபரி நீர் வழியும் கலுங்கைத் தாண்டிய தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். பதிவேட்டில் எட்டு மீட்டர் அகலம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரும் நானும் டேப் பிடித்துப் பார்த்ததில், சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டது போக இரண்டரை மீட்டர்தான் தேறியது. பாக்கி அகலம் வரப்போடு வரப்பாகக் கரைந்து, இப்போது விற்ற நிலத்துக்குள் கிடக்கிறது.

2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையை நீ மறந்திருக்க மாட்டாய். செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பேசினாய். இங்கே ஒன்றும் இல்லை என்று உன்னிடம் சொன்னது முழு உண்மையல்ல. அன்று இரவு தண்ணீர் நம் வாசலில் இரண்டாம் படி வரைக்கும் ஏறியது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டு, டார்ச் அடித்தபடி மூன்றாம் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யானைமலை ஒரே பாறை. அதில் விழும் மழையை உறிஞ்ச அங்கே மண் இல்லை, அப்படியே கீழே இறங்குகிறது. ஆனாலும் விடிவதற்குள் வாசல் வடிந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் எதிர் வயல் முழுவதும் வெள்ளைத் தகடாகத் தண்ணீர் நின்றது, வரப்புகூடத் தெரியவில்லை. நம் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீரை அந்த வயல் இரண்டு நாள் தன் மடியில் வைத்திருந்து, மெதுவாக ஓடைக்கு விட்டது.

அந்த வயலைத்தான் நான்கடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். புதிய வீடுகளுக்குள் தண்ணீர் போகாது. கட்டுபவர்கள் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். நம் தெரு பள்ளமாகிவிடும், அவ்வளவுதான். நீ அங்கே வீடு வாங்கினால், உன் பால்கனியில் நின்று எங்கள் வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1994-ல் நாம் வாங்கிய இந்த மனையும் நஞ்சைதான். பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த பூமி. நம் நகர் வந்த பிறகு கண்மாயின் கீழ மடையைத் திறக்க வேலையில்லாமல் போய், இன்று அது இருந்த இடமே தெரியவில்லை. அன்று அந்த மடைக்காரர் என்னிடம் வந்து, "நீங்க அளக்கிற ஆளு, நீங்களே இப்படி வாங்கலாமா சார்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். மதுரையில் இது புதிதல்ல. தல்லாகுளம் என்ற பெயரில் மட்டும்தான் இப்போது குளம் இருக்கிறது, உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. ஆகவே வீடே கட்டக் கூடாது என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, மனுவிலும் அப்படி எழுதவில்லை. ஓடையைப் பதிவேட்டில் உள்ள எட்டு மீட்டருக்கு அளந்து கல் நட வேண்டும், இருபுறமும் இடம் விட வேண்டும், நிலமட்டம் நம் சாலை மட்டத்தைத் தாண்டக் கூடாது என்பவைதான் எங்கள் கோரிக்கைகள்.

இந்த அளவுக்குச் சுருக்குவதற்கே மூன்று கூட்டம் ஆனது. ஆழ்துளைக் கிணற்றில் 180 அடியில் கிடைத்த தண்ணீர் இன்று 600 அடிக்குப் போய்விட்டது, 320 வீடு வந்தால் என்ன ஆகும் என்றார்கள்; அது சரியான கேள்வி, சேர்த்துக்கொண்டோம். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் எங்கே போகும் என்பதும், எதிரெதிரே இரண்டு பள்ளி வேன் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய இருபதடிச் சாலையும் மனுவில் இருக்கின்றன. அடுக்குமாடி வந்தால் 'கண்டவர்களும்' வந்துவிடுவார்கள் என்பதையும் எழுதச் சொன்னார் ஒருவர். அந்த வரி இருந்தால் என் கையெழுத்து இருக்காது என்றேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தன் மனையின் விலை ஏறும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடாதவர்களும் உண்டு. அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது.

இனி உன் பணத்தைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்த அளவுள்ள ஒரு திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ, முன்பதிவு வாங்கவோ கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். உன் கையேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி அட்டை வரைக்கும் தேடினேன், எண் இல்லை. பதிவான பிறகும்கூட, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். வீட்டுக்கு நூறு சதுர மீட்டர் என்று வைத்தாலே 320 வீட்டுக்கு அது தாண்டிவிடுகிறது. அனுமதிக் கடிதத்தின் நகலை விற்பனைப் பிரிவில் கேள். 'வந்துகொண்டே இருக்கிறது' என்று சொன்னால், வந்த பிறகு பேசலாம் என்று வைத்துவிடு.

நீ எங்கள் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கு உன்னைவிட அவசரம். நேற்றுகூட, ஓடையை விட்டுவிட்டுக் கட்டினால் வாங்கலாம்தானே என்று கேட்டாள். வாங்கலாம் என்றுதான் சொன்னேன்.

அந்த வயலை வீட்டு நிலமாக்கும் நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்கான அறிவிப்பு செய்தித்தாளில் வந்துவிட்டது. ஆட்சேபணைக்கு நாள் குறைவு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதினோரு பேர் போகிறோம். புலப்படத்தின் நகலும் அ-பதிவேட்டின் நகலும் கையில் இருக்கின்றன. நீ அனுப்பியதில் ஏழாம் பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறது, பட்டையின் அளவைப் படிக்க முடியவில்லை. உன்னிடம் உள்ள அச்சுப் பிரதியிலிருந்து அதைத் தெளிவாக ஸ்கேன் செய்து, ஞாயிறு இரவுக்குள் அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.