மூன்று ஞாயிறாகப் போன் இல்லை

அன்புள்ள செல்வி,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. அம்மா கேட்டால் லேபில் வேலை இருக்கும் என்று சமாளிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. போன தடவை "அந்த ரிப்போர்ட்ல என் பேரும் வருதுப்பா" என்று ஆரம்பித்தவள், சட்டென்று ஊரில் மழை உண்டா என்றாய். நானும் மழையைப் பற்றியே சொன்னேன்.

சின்ன வயதில் ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் கதை கேட்டுத் தூங்குவாய். நாடு நாடாக விதை சேர்த்தவர், 1943இல் சராத்தோவ் சிறையில் பட்டினியில் இறந்தார் என்பதோடு நிறுத்திவிடுவேன். மிச்சம் இருக்கிறது.

1948 ஆகஸ்ட், மாஸ்கோவில் வேளாண் அகாடமிக் கூட்டம். மரபியலே முதலாளித்துவப் புரட்டு என்பது ஸ்டாலினின் ஆதரவு பெற்ற வேளாண் விஞ்ஞானி லைசென்கோவின் வாதம். வவிலோவின் சகா ஷுக்கோவ்ஸ்கி எதிர்த்துப் பேசினார். கடைசி நாள், தன் அறிக்கையைக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது என்றார் லைசென்கோ. ஸ்டாலினே திருத்திக் கொடுத்த அறிக்கை அது. அன்றைக்கே ஷுக்கோவ்ஸ்கி மறுபடி எழுந்து, நான் பேசியது தப்பு என்றார். மரபியலுக்காகப் பேசிய இன்னொருவர், ராப்பொபோர்ட், மசியவில்லை. போரில் ஒரு கண்ணை இழந்தவர். கட்சியும் போச்சு, வேலையும் போச்சு. நீ அவர் ரகம் என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன். அதற்காக ஒரு வரி எழுதிப் போடக்கூடாதா?

நான் ஷுக்கோவ்ஸ்கி ரகம். அவருக்காவது கழுத்தில் கத்தி. எனக்கு மாற்றல் வரும் என்ற பேச்சு மட்டும்தான்.

பெரியப்பா ஏன் வருவதில்லை என்று கேட்பாயே. அந்த வருஷம் முளைப்புச் சோதனைக்கு, ஈரத்தாளில் நூறு நூறு நெல்லாக நான்கு சுருள் வைத்திருந்தேன். எதிலும் 61க்கு மேல் முளைக்கவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். விதை மூட்டையில் சான்று அட்டை கட்ட நூற்றுக்கு 80 வேண்டும். மேலே இருந்தவர் "84 போடுங்க" என்றார். போட்டேன். அதில் இரண்டு மூட்டை பெரியப்பாவுக்குப் போனது. என்னை நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார். சொட்டை சொட்டையாகக் கிடந்தது. "டெஸ்ட் பண்ணினது நீதானடா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது.

சரி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கோவிலுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேச மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா